ஆட்டிசமும் துறுதுறுப்பும் உள்ள குழந்தைக்குக் குதிரைச் சிகிச்சை: அனுப்புவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கேள்வி சுருக்கமாக இதுதான்: பையனுக்கு ஆறு வயது, ஆட்டிசம். ஓரிடத்தில் உட்காரமாட்டான், கோபம் வந்தால் கையில் கிடைத்தவரை அடிப்பான், பேச்சு இரண்டு மூன்று சொற்களோடு நிற்கிறது. குதிரைச் சிகிச்சைக்கு அனுப்பினால் நல்ல மாற்றம் வரும் என்று சிலர் சொல்கிறார்கள். அனுப்பலாமா? அங்கே என்ன செய்வார்கள்? எதைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுப்பது?

மருத்துவத் தடை எதுவும் இல்லையென்றால் அனுப்பலாம். எதிர்பார்ப்பை மட்டும் முதலிலேயே அளவாக வைத்துக்கொள்ளுங்கள். குதிரை ஆட்டிசத்தைக் குணப்படுத்தாது. எரிச்சல், துறுதுறுப்பு, பிறரோடு பழகுவது, பேச முயல்வது, உடம்பின் சமநிலை, இவற்றில் ஓரளவு முன்னேற்றம் கிடைக்கலாம். அதுவும் குதிரைமேல் ஏறி உட்கார்ந்தவுடன் தானாக வந்துவிடாது. இந்தக் குழந்தைக்கு இப்போது எது வேண்டும், அதற்குக் குதிரை எந்த வேகத்தில் எந்தப் பாதையில் நடக்க வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று முடிவெடுக்கத் தெரிந்த ஒருவர் களத்தில் இருந்தால்தான் வரும். அவர் இல்லாத இடத்தில் நடப்பது சவாரி. சவாரியும் குழந்தைக்கு நல்லதுதான், ஆனால் அதற்குச் சிகிச்சைக் கட்டணம் கொடுக்கத் தேவையில்லை.

எல்லாவற்றையும் 'குதிரைச் சிகிச்சை' என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறார்கள். உள்ளே மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன. முதலாவது ஹிப்போதெரபி. பிசியோதெரபிஸ்ட், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாடச் செயல்களுக்குப் பழக்குபவர்), ஸ்பீச் தெரபிஸ்ட் (பேச்சுப் பயிற்சியாளர்) இவர்களில் ஒருவர், தம்முடைய வழக்கமான சிகிச்சைக்குள் குதிரையின் நடையை ஒரு கருவியாகப் பயன்படுத்துவது. இதில் குழந்தை குதிரையை ஓட்டுவதில்லை, கற்றுக்கொள்வதும் இல்லை. குதிரையின் அசைவு குழந்தையின் உடம்பில் வேலை செய்கிறது. இரண்டாவது தெரபியூட்டிக் ரைடிங். இங்கே பயிற்சி பெற்ற ஆசிரியர் குழந்தையின் திறனுக்கேற்பக் குதிரையேற்றம் கற்றுக்கொடுக்கிறார், கற்கும் வழியில் கவனம், காத்திருத்தல், சொன்னதைக் கேட்பது எல்லாம் பழகுகின்றன. மூன்றாவது தரையில் நின்றபடி செய்வது. மனநல நிபுணர் ஒருவரும் குதிரையறிந்த ஒருவரும் சேர்ந்து நடத்துவார்கள். பெரும்பாலும் ஏறுவதே கிடையாது. பதற்றம், முரட்டுத்தனம், அதிர்ச்சி அனுபவம் உள்ள கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு இது பொருந்தும்.

நீங்கள் சொல்லும் பையனுக்கு என் கணிப்பு: பேச்சுதான் முதல் கவலை என்றால் ஸ்பீச் தெரபிஸ்டோ ஆக்குபேஷனல் தெரபிஸ்டோ நடத்தும் ஹிப்போதெரபி. அப்படி ஒருவர் கிடைக்கவில்லையென்றால் நல்ல தெரபியூட்டிக் ரைடிங் வகுப்பு. மூன்றாவது வகைக்குப் பேசிப் புரிந்துகொள்ளும் திறன் ஓரளவு வேண்டும், இப்போதைக்கு அது சீக்கிரம்.

இந்தத் துறைக்குப் பெரிய உந்துதல் தந்தது 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸ். போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல், குதிரையை நுணுக்கமாக நடத்திக் காட்டும் டிரெஸ்ஸாஜ் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்றார். 1969இல் பிரிட்டனில் மாற்றுத்திறனாளிகளுக்கான குதிரையேற்றச் சங்கமான ஆர்டிஏ-வும், அமெரிக்காவில் இன்று 'பாத் இன்டர்நேஷனல்' எனப்படும் அமைப்பும் தொடங்கின. குதிரைக்கு எத்தனை மணி நேர வேலை, யார் ஏறக்கூடாது என்பது போன்ற விதிகள் இப்படிப்பட்ட அமைப்புகள் வழியாகத்தான் நிலைபெற்றன.

குதிரையின் நடை என்ன செய்கிறது

குதிரை நடக்கும்போது நான்கு கால்களும் தனித்தனியே தரையில் படும். நான்கு தட்டு, சீரான இடைவெளி. அதன் முதுகு முன்னும் பின்னும், மேலும் கீழும், இடமும் வலமும் அசைகிறது, கூடவே லேசாகத் திரும்பவும் செய்கிறது. மேலே உட்கார்ந்திருப்பவரின் இடுப்பெலும்பு, அவரே நடந்தால் எப்படி அசையுமோ கிட்டத்தட்ட அப்படியே அசையும். நிமிடத்துக்குச் சுமார் 100 காலடி என்று வைத்துக்கொண்டால் 20 நிமிடத்தில் 2000 தடவை குழந்தையின் உடம்பு சாய்ந்து, மீண்டு, நிமிர வேண்டியிருக்கிறது. அறைக்குள் பந்துமேல் உட்காரவைத்து இத்தனை தடவை செய்யவைப்பது நடக்கிற காரியமா? தசை தொய்வாக இருக்கும் குழந்தைக்கும் பெருமூளை வாதம் (செரிப்ரல் பால்சி) உள்ள குழந்தைக்கும் இதுதான் முக்கியப் பலன்.

துறுதுறுப்புள்ள குழந்தைக்குக் கணக்கு வேறு. நீண்ட அடி எடுத்து ஒரே தாளத்தில் நேராக நடக்கும் குதிரை அமைதிப்படுத்தும். குட்டையான, படபடவென்ற நடையும், அடிக்கடி நிற்பதும் கிளம்புவதும், துள்ளுநடையும் உசுப்பிவிடும். எனவே ஏற்கெனவே எகிறிக்கொண்டு வரும் பையனை முதல் ஐந்து நிமிடம் நேர்ப்பாதையில் பேச்சே இல்லாமல் நடக்கவிட வேண்டும். மந்தமாக, எதிலும் ஒட்டாமல் வரும் குழந்தைக்கு இதற்கு நேரெதிர்: நிறுத்து, கிளம்பு, வேகம் மாற்று. இந்த வேறுபாடு தெரியாத இடங்களில் "குழந்தை சிரிக்கிறானே" என்று முதல் நாளே துள்ளுநடையில் ஓட்டிவிடுவார்கள். சிரிப்பு கொஞ்ச நேரத்தில் கத்தலாக மாறும், இறக்கிய பின்னும் இரண்டு மணி நேரம் அடங்கமாட்டான். பெற்றோர் 'குதிரை ஒத்துக்கொள்ளவில்லை' என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஒத்துக்கொள்ளாமல் போனது குதிரை அல்ல, அந்த வேகம்.

பாதைக்கும் அர்த்தம் இருக்கிறது. வட்டத்தில் நடந்தால் உடம்பின் எடை வெளிப்பக்கம் தள்ளப்படும், பக்கவாட்டுச் சமநிலை வேலை செய்யும். எட்டுப் போட்டு நடந்தால் இரண்டு பக்கமும் மாறி மாறி. நின்று கிளம்பினால் முன்பின் சமநிலை. ஆனால் சிறிய வட்டத்தைத் திரும்பத் திரும்பப் போட்டால் உட்செவி உணர்வு கூர்மையான குழந்தைக்குத் தலைசுற்றும், குமட்டும். முகம் வெளுப்பது, திடீரென்று கொட்டாவி, வேர்வை ஆகியவை தெரிந்தால் நேர்ப்பாதைக்குத் திரும்ப வேண்டும்.

குதிரை முதுகில் என்ன போடுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். சேணம் போட்டால் உட்காரப் பிடிமானம் கிடைக்கும், கால் வைக்க அங்கவடி இருக்கும், குதிரையேற்றம் கற்க அது வேண்டும். தடித்த திண்டும் கைப்பிடி வைத்த வாரும் போட்டால் குதிரையின் சூடும் அசைவும் நேரடியாக உடம்புக்கு வரும், ஹிப்போதெரபியில் இதையே விரும்புவார்கள். குதிரை மயிர் தொடையில் பட்டால் பொறுக்காத குழந்தைகள் உண்டு. நீளக் கால்சட்டை போட்டாலே அந்தப் பிரச்சினை பாதி தீரும்.

ஒரு வகுப்பு எப்படி நடக்கும்

வழக்கமாக 30 முதல் 45 நிமிடம், வாரம் ஒரு முறை, 8 முதல் 12 வாரம் ஒரு சுற்று. 45 நிமிட வகுப்பென்றால் குதிரைமேல் இருப்பது 20, 25 நிமிடம்தான். மீதி தரையில், குதிரையைத் தேய்த்துச் சுத்தம் செய்வது போன்ற வேலையில். "ஏற்றத்துக்குத்தானே பணம், தேய்ப்பதற்கா?" என்று சில பெற்றோர் கேட்பார்கள். கவனக் குறைவுள்ள குழந்தைக்கு அந்தத் தேய்ப்பு வேலைதான் வகுப்பின் பாதி. முதலில் ரப்பர் பிரஷ்ஷால் வட்ட வட்டமாகத் தேய்த்து அழுக்கைக் கிளப்புவது, பிறகு கடினப் பிரஷ்ஷால் மயிர் படிந்திருக்கும் திசையில் தள்ளுவது, பிறகு மென்மையான பிரஷ், பிடரிக்குச் சீப்பு. ரப்பர் பிரஷ் முகத்திலும் எலும்பு தெரியும் கால்களிலும் படக்கூடாது. நான்கு பொருள், மாறாத வரிசை, ஒவ்வொன்றும் முடிந்ததும் பெட்டிக்குள் திரும்ப வைப்பது. வரிசையைப் படங்களாக ஒட்டி வைத்தால் பேசாத குழந்தையும் தானே அடுத்த பொருளை எடுக்கும். குளம்பு சுத்தம் செய்வதைப் பெரியவரே செய்ய வேண்டும்.

நிற்கும் இடம் தோள்பட்டைக்குப் பக்கம். குதிரைக்குக் கண் தலையின் இருபுறமும் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் தெரியாது. அடிக்கும், கத்தும் குழந்தை அந்த மறைவிடத்திலிருந்து வந்தால் எவ்வளவு சாதுவான குதிரையும் திடுக்கிடும்.

வகுப்பில் மிக ஆபத்தான நிமிடம் ஓட்டம் அல்ல, ஏறும் நேரம்தான். படிமேடை அல்லது சரிவுமேடைக்கு ஒட்டிக் குதிரையை நிறுத்துவார்கள். குதிரை பிடிப்பவர் தலைப்பக்கம், எதிர்ப்பக்கம் ஒருவர், மேடையில் சிகிச்சையாளர். குழந்தை காலைப் பின்னால் வீசித் தூக்கினால் குதிரையின் புட்டத்தில் உதை விழும், குதிரை முன்னால் பாயும், குழந்தை மேடைக்கும் குதிரைக்கும் நடுவில் விழும். அதனால் கழுத்துப் பக்கமாகக் காலை மெதுவாகக் கடத்தி உட்காரவைப்பது நல்லது. நல்ல இடங்களில் முதல் இரண்டு வகுப்புகள் கால் பொருத்திய பீப்பாய்மேல் ஏறி இறங்கப் பழக்குவார்கள். அதைப் பார்த்து நேரத்தை வீணாக்குகிறார்கள் என்று நினைக்காதீர்கள்.

ஏறிய பிறகு குழந்தையைச் சுற்றி மூவர் இருப்பார்கள்: குதிரை பிடிப்பவர், இருபுறமும் பக்கத்தில் நடப்பவர்கள். பக்கத்தில் நடப்பவர் முன்கையைக் குழந்தையின் தொடைமேல் குறுக்காக வைத்து, விரல்களால் சேணத்தின் முன்விளிம்பைப் பிடிப்பார். பிடி இறுக்கமாக இருக்கக்கூடாது, எடையும் ஏறக்கூடாது. ஒருவர் அதிகமாக அழுத்தினால் குழந்தை அந்தப் பக்கம் சரியும், மற்றவர் அதைச் சரிக்கட்ட இன்னும் அழுத்துவார், நடுவில் குழந்தையின் உடம்பு எந்த வேலையும் செய்யாது. இடுப்பைப் பிடித்து இழுப்பது இதைவிட மோசம். கை வலித்து இடம் மாற வேண்டுமென்றால் குதிரையை நிறுத்திவிட்டு ஒவ்வொருவராக மாற வேண்டும்.

மூவரும் ஒரே நேரத்தில் பேசுவதுதான் நான் பார்க்கிற பொதுவான கெடுதல். "நேரா உட்காரு செல்லம்", "அங்க பாரு பந்து", "கையை விடாதே". ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு இது வெறும் இரைச்சல். பேசுவது ஒரே குரலாக இருக்க வேண்டும், அது சிகிச்சையாளருடையது. மற்றவர்கள் ஊமைகளாக இருந்தால் போதும்.

இனிப் பேச்சு எப்படி வரவழைக்கப்படுகிறது என்று கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். குதிரை சில நிமிடம் நடந்து, நிறுத்தப்படுகிறது. அசைவு நின்றதும் குழந்தை நெளியும், முன்னால் தள்ளிப் பார்க்கும், குதிரை பிடிப்பவரின் தலையைப் பார்க்கும். அந்தப் பார்வைதான் வாசல். சிகிச்சையாளர் 'போ' என்று ஒரு தடவை மாதிரி காட்டிவிட்டு, ஐந்து வரை மனதுக்குள் எண்ணிக் காத்திருக்கிறார். குழந்தை 'ப' என்று உதட்டை அசைத்தாலும், கழுத்தில் தட்டினாலும், 'போ' படத்தைத் தொட்டாலும் ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் குதிரை நகர வேண்டும். எதுவும் வரவில்லையென்றால் குழந்தையின் கையைப் பிடித்துக் குதிரையின் கழுத்தில் தட்டவைத்து, உடனே கிளப்ப வேண்டும். அடுத்த நிறுத்தத்தில் உதவியைக் கொஞ்சம் குறைப்பது. 20 நிமிடத்தில் இப்படி எட்டுப் பத்து தடவை நடக்கும். கேட்டால் கிடைக்கிறது, கேட்டது உடனே கிடைக்கிறது: மேசை முன் உட்கார்ந்து படம் காட்டிச் செய்வதைவிட இங்கே இது எடுபடுவதற்குக் காரணம், கிடைக்கும் பரிசு அந்த அசைவே என்பதுதான்.

இதிலும் ஒரு கோளாறு உண்டு, வெளியாட்கள் கண்ணுக்குப் படாது. அனுபவமுள்ள குதிரை 'போ' என்ற சொல்லைக் கற்றுக்கொண்டுவிடும். சிகிச்சையாளர் மாதிரிக்காக அதைச் சொல்லும்போதே குதிரை கிளம்பிவிடும். குழந்தை வாயைத் திறக்காமலே காரியம் நடந்துவிட்டது, ஆகவே வாயைத் திறக்காமல் இருக்கக் கற்றுக்கொள்கிறான். தீர்வு எளிது: குதிரைக்கு வேறு கட்டளை, குதிரை பிடிப்பவருக்குக் கைச்சைகை. நீங்கள் வேலிக்கு வெளியே நின்று பார்க்கும்போது, குழந்தை சைகை செய்த பிறகு குதிரை நகர்கிறதா, முன்பே நகர்கிறதா என்று மட்டும் எண்ணிப் பாருங்கள். அந்த இடத்தின் தரம் அதிலேயே தெரிந்துவிடும்.

அடிக்கும் பையனுக்கு என்ன செய்வது

அடிக்கிறான் என்பதற்காகவே தள்ளிவிட வேண்டியதில்லை. முதல் வகுப்பு வேலிக்கு இப்பாலிருந்து தொடங்கட்டும். தொட விடும்போது அடித்தால், திட்டாமல், கையைப் பிடித்து முறைக்காமல், குதிரை பிடிப்பவர் குதிரையை மூன்று மீட்டர் அப்பால் நகர்த்திவிட வேண்டும். கை தாழ்ந்து அமைதியானதும் குதிரை திரும்ப வரும். ஒவ்வொரு தடவையும் இதே விளைவு, இதே முகம். ஆனால் இதற்குப் பொறுமையான குதிரையை அடிபட நிறுத்திவைக்கிற உரிமை யாருக்கும் இல்லை. மூன்று நான்கு வகுப்புக்குப் பிறகும் அடி குறையவில்லையென்றால் குதிரை வேண்டாம் என்று சொல்லும் தைரியம் அந்த இடத்துக்கு இருக்க வேண்டும்.

குதிரைமேல் இருக்கும்போது கொதிப்பு ஏறினால் முன்கூட்டியே தெரியும்: குரல் உயரும், குதிகால் விலாவில் தட்டும், பிடியை விட்டுவிடுவான், முதுகை வில்லாகப் பின்னால் வளைப்பான். முதல் இரண்டு அறிகுறியிலேயே குதிரையை நிறுத்திப் பேச்சைக் குறைக்க வேண்டும். சிலருக்கு மெதுவாக நேராக நடந்தால் அடங்கும். முதுகை வளைத்துவிட்டால் பேரம் பேசாமல் இறக்கிவிட வேண்டும். அவசரமாக இறக்கும்போது எந்தப் பக்கத்தவர் குழந்தையை இழுத்து அணைத்து விலகுவார் என்பது வகுப்பு தொடங்கும் முன்பே பேசி முடித்திருக்க வேண்டும். குதிரை பிடிப்பவர் என்ன நடந்தாலும் குதிரையை விடக்கூடாது. குழந்தையைத் தூக்க ஓடினால் அவிழ்ந்த குதிரை இன்னொரு ஆபத்தாகிவிடும்.

குழந்தை நழுவாமல் இருக்கச் சேணத்தோடு கட்டிவைப்பது எக்காலத்திலும் கூடாது. குதிரை விழுந்தால் குழந்தை அடியில் சிக்கும். அதே போல் பெரியவர் ஒருவர் பின்னால் ஏறிக் குழந்தையை அணைத்துக்கொண்டு போவதும் குதிரையின் இடுப்புக்குப் பாரம், விழுந்தால் குழந்தைமேல் பெரியவர். இதற்குத் தனிப் பயிற்சியும் கடுமையான விதிகளும் இல்லாத இடத்தில் அனுமதிக்காதீர்கள்.

யார் ஏறக்கூடாது

மருத்துவர் கையெழுத்திட்ட படிவம் இல்லாமல் ஏற்றும் இடத்திலிருந்து திரும்பி வந்துவிடுங்கள். கட்டுப்படாத வலிப்பு பெரிய தடை. மருந்தால் கட்டுப்பட்டிருந்தால் மருத்துவர் ஒப்புதலோடு போகலாம், ஆனால் கடைசி வலிப்பு எப்போது, எப்படி வரும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையே தளர்ச்சி இருக்க வாய்ப்பு உண்டு. நரம்புப் பரிசோதனையும் மருத்துவர் கேட்டால் எக்ஸ்ரேயும் இல்லாமல் ஏற்றக்கூடாது. திடீரென்று நடை தடுமாறுவது, கழுத்துச் சாய்வு, சிறுநீர்க் கட்டுப்பாடு போவது தெரிந்தால் அன்றே நிறுத்த வேண்டும். இடுப்பு மூட்டு விலகல், அதிகமான முதுகெலும்பு வளைவு, எளிதில் உடையும் எலும்பு, இரத்தம் உறையாமை, சமீபத்திய அறுவைச் சிகிச்சை, உட்காரும் இடத்தில் புண் ஆகியவையும் தடைகள். குதிரை ஒவ்வாமையும் கட்டுப்படாத ஆஸ்துமாவும் லாயத்தின் தூசியில் மோசமாகும்.

நடத்தை தொடர்பானவற்றில் விலங்குகளை வேண்டுமென்றே துன்புறுத்துவதும், தீ வைக்கும் பழக்கமும் தீவிரமாகப் பார்க்கப்பட வேண்டியவை. லாயத்தில் வைக்கோல் இருக்கிறது. கண்டதை வாயில் போடும் குழந்தையென்றால் சாணம், மண், வைக்கோல் மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள், தரை வேலைக்குத் தனியாக ஓர் ஆள் போடுவார்கள். முடிந்ததும் சோப்பு போட்டுக் கைகழுவாமல் எதையும் தின்னக் கொடுக்க வேண்டாம். டெட்டனஸ் தடுப்பூசி நிலுவை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வயதைப் பொறுத்தவரை, இரண்டு வயதுக்குக் கீழ் ஏற்றுவதில்லை. சவாரி வகுப்புகள் பொதுவாக நான்கு வயதுக்கு மேல்தான்.

குதிரையைப் பாருங்கள்

பல பெற்றோர் கட்டடத்தையும் களத்தையும் பார்த்துவிட்டுக் குதிரையைப் பார்ப்பதில்லை. சிறு குழந்தைகளுக்கு 13 முதல் 15 கை உயரம், அதாவது 132 முதல் 152 சென்டிமீட்டர், வசதியான அளவு. பக்கத்தில் நடப்பவரின் கை குழந்தையின் தொடையை எட்ட வேண்டும் என்பதே காரணம். மிகக் குட்டையான போனியின் (மட்டக்குதிரை) அடி சிறியது, படபடவென்றிருக்கும், துறுதுறுப்புள்ளவனுக்கு ஆகாது. முதுகு மிக அகலமான குதிரை, தொடைத் தசை இறுகிய குழந்தையின் காலை வலிக்க விரிக்கும். நொண்டும் குதிரை தாளம் தப்பிய அசைவைக் குழந்தைக்கு அனுப்பும். சேணத்தோடு சேர்த்து ஏறும் எடை குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பரவலான கணக்கு: 400 கிலோ குதிரைக்கு 80 கிலோ. ஒரே குதிரை தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேலும், நாளில் ஆறு மணி நேரத்துக்கு மேலும் வேலை செய்யக்கூடாது.

களைத்த அல்லது சலித்த குதிரை பேசாமல் பேசும். காது பின்னால் ஒட்டியிருக்கும், ஈ இல்லாதபோதும் வால் சுழலும், வாரை இறுக்கும்போது திரும்பிக் கடிக்கப் பார்க்கும், ஏற்றும் மேடையருகே நிற்க மறுக்கும், முகவாய் இறுகியிருக்கும். மணிக்கணக்காக இப்படி ஒரு குதிரையைப் பயன்படுத்தும் இடம் உங்கள் குழந்தையையும் அவ்வளவு கவனத்தோடுதான் பார்க்கும். கேரட்டைக் கையால் ஊட்டவிடும் இடமும் வேண்டாம். கையில் தின்று பழகிய குதிரை எந்தக் கையையும் கவ்வும். வாளியில் போட்டுக் கொடுப்பதே முறை.

பலன் எவ்வளவு, எப்படித் தெரியும்

ஆட்டிசத்தில் கொஞ்சம் நம்பத்தகுந்த ஆய்வு 2015இல் அமெரிக்காவில் வந்தது. 6 முதல் 16 வயதுள்ள 127 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழு 10 வாரம் குதிரையேறியது, மற்றது அதே சூழலில் உயிருள்ள குதிரையோடு தொடர்பே இல்லாமல் குதிரை பற்றிக் கற்றது. ஏறிய குழுவில் எரிச்சலும் துறுதுறுப்பும் குறைந்தன, சமூகப் புரிதலும் பேசிய சொற்களின் எண்ணிக்கையும் கூடின. எரிச்சல், துறுதுறுப்பு மாற்றம் ஐந்தாம் வாரத்திலிருந்தே தெரிந்தது. பெருமூளை வாதத்தில் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை: 2015இல் 92 குழந்தைகளோடு வாரம் இரு முறை, 8 வாரம் ஹிப்போதெரபி கொடுத்த ஆய்வில் உடலியக்கம் முன்னேறியது. 2009இல் 99 குழந்தைகளோடு 10 வாரச் சவாரி வகுப்பை ஆராய்ந்தபோது சொல்லிக்கொள்ளும்படி மாற்றமில்லை. மனநலக் கோளாறுகளுக்கான குதிரைச் சிகிச்சைகளைத் தொகுத்துப் பார்த்த 2014 மதிப்பாய்வு, ஆய்வு முறைகள் பலவீனமானவை, இவற்றை நம்பிப் பரிந்துரைக்க இயலாது என்றே சொன்னது. ஆகவே நடந்துகொண்டிருக்கும் பேச்சுப் பயிற்சியையோ நடத்தைப் பயிற்சியையோ நிறுத்திவிட்டு இதற்கு வராதீர்கள். பணமோ நேரமோ ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் பேச்சுப் பயிற்சிக்கே கொடுங்கள்.

உங்கள் பையனுக்குப் பலன் இருக்கிறதா என்று அறிய ஒரே வழி, தொடங்கும் முன் எழுதிவைப்பது. "நன்றாகப் பழக வேண்டும்" என்பது இலக்கு ஆகாது. "வேண்டியதைக் கேட்க, ஒரு நாளில் எத்தனை தடவை தானாகச் சொல்லோ சைகையோ பயன்படுத்துகிறான்" என்பது இலக்கு. ஐந்து படி போடுங்கள்: இப்போதைய நிலை −2, கொஞ்சம் முன்னேற்றம் −1, எதிர்பார்ப்பது 0, அதற்கு மேல் +1, +2. இரண்டு அல்லது மூன்று இலக்கு போதும். அளப்பது வீட்டிலும் பள்ளியிலும், லாயத்தில் அல்ல. தொடங்கும் முன் ஒரு தடவை, ஆறாம் வாரம், பன்னிரண்டாம் வாரம். குதிரைமேல் தெளிவாக 'போ' சொல்பவன் வீட்டில் வாய் திறக்காமல் இருப்பது சாதாரணமாக நடக்கும். அதே சொல், அதே ஐந்து எண்ணிக்கைக் காத்திருப்பு, அதே உடனடிப் பலன் என்பதை ஊஞ்சலிலும், கதவருகிலும், குளியலறைக் குழாயிலும் நீங்கள் செய்தால்தான் அது இடம்பெயரும். பன்னிரண்டு வாரம் கழித்து வீட்டில் ஒரு படிகூட நகரவில்லையென்றால், பையனுக்குப் பிடித்திருந்தால் பொழுதுபோக்காகத் தொடரலாம், சிகிச்சைக் கணக்கில் வைக்க வேண்டாம்.

இயந்திரக் குதிரை என்று ஒன்றும் இருக்கிறது. தாள அசைவு தரும், பயந்த குழந்தையைப் பழக்க உதவும். கேட்டதும் நகரும் உயிர் அதில் இல்லை என்பதால் மேலே சொன்ன பேச்சு வேலைக்கு அவ்வளவு உதவாது.

போகும் முன் வீட்டில்

முதல் வகுப்பு கெடுவது பெரும்பாலும் ஹெல்மெட்டால்தான். தலையில் எதுவும் பொறுக்காத குழந்தை, புது இடம், புது வாசம், நடுவில் தாடைக்கடியில் வார். ஹெல்மெட் குதிரையேற்றத்துக்கென்று தரச்சான்று பெற்றதாக இருக்க வேண்டும், சைக்கிள் ஹெல்மெட் இதற்கு ஆகாது. ஒரு தடவை பலமாக அடிபட்டால் வெளியே விரிசல் தெரியாவிட்டாலும் மாற்ற வேண்டும். இரண்டு வாரம் முன்பே இரவல் வாங்கி, முதல் நாள் தொட்டுப் பார்க்க, அடுத்த நாள் ஐந்து நொடி, பிறகு பிடித்த விளையாட்டின்போது ஒரு நிமிடம், கடைசியாக வார் போட்டு ஐந்து நிமிடம் என்று ஏற்றிக்கொண்டே போங்கள். நீளக் கால்சட்டை, சின்னக் குதிகால் வைத்த மூடிய ஷூ. தட்டையான அடியுள்ள ஷூ அங்கவடிக்குள் வழுக்கி உள்ளே போய்விடும். அதற்காகத்தான் பக்கவாட்டில் ரப்பர் வளையம் வைத்து, இழுத்தால் திறந்துகொள்ளும் அங்கவடிகளைப் பயன்படுத்துகிறார்கள். இருக்கிறதா என்று கேளுங்கள்.

களம், குதிரை, ஹெல்மெட், ஏறும் மேடை, வீடு திரும்பும் வண்டி என்று ஐந்து படம் எடுத்து வரிசையாக ஒட்டித் தினமும் ஒரு தடவை காட்டுங்கள். முதல் நாள் அவன் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பினாலும் சரிதான். அன்றே ஏற்றிவிட வேண்டும் என்று அவசரப்படுபவர் நீங்களா, அந்த இடத்துக்காரரா என்பதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.